ஒன்றரை நிமிட விமானமும் ஒரு பழைய மெக்கானிக்கும்

"எடை எவ்வளவு?" என்று கேட்டார் கவுன்ட்டரில் இருந்த அம்மா. பெட்டியின் எடையைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஏழு கிலோ" என்றேன். அவர் சிரித்தார். என் மகள் காதோரம் சொன்னாள்: "அப்பா, பெட்டி இல்ல. உங்க எடை!"

ஸ்காட்லாந்தின் வடக்கு முனைக்கும் அப்பால் கடலில் சிதறிக் கிடக்கும் ஆர்க்னி தீவுகள். அவற்றின் தலைநகரான கிர்க்வால் ஊரின் விமான நிலையத்தில் நடந்தது இது. நாங்கள் ஏறவிருந்தது, உலகத்திலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை. வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே என்ற தீவுக்கு. தூரம் 2.7 கிலோமீட்டர். கால அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். காற்று தோதாக இருந்தால் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி 53 விநாடிகளில் கடந்திருக்கிறார், அதுதான் சாதனை. இந்தத் துண்டுப் பாதையில் மட்டும் அவர் 12,000 தடவைக்கு மேல் பறந்தவராம். நம் ஊர் டவுன் பஸ் டிரைவர்கள்கூட ஒரே பாலத்தை அத்தனை தடவை கடந்திருப்பார்களா என்று தெரியவில்லை.

மகள் அபர்டீனில் வேலை பார்க்கிறாள். நான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கிலாந்துக்கு வருகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், கடிகாரக் கோபுரம் பார்ப்பார்கள். "உங்களுக்கு என்னப்பா பாக்கணும்?" என்று அவள் கேட்டபோது, நான் பழைய பத்திரிகைத் துணுக்கு ஒன்றில் படித்திருந்த இந்த விமானத்தைச் சொன்னேன். "அதுக்காக இவ்வளவு தூரமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் டிக்கெட் போட்டுவிட்டாள். இன்னொரு காரணமும் உண்டு. முப்பது வயதாகியும் அவளை நான் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறேன். "பாப்பா, பாப்பா தீவுக்குப் போலாமா?" என்று சொல்லிப் பார்க்கிற ஆசை.

(அந்தப் பெயருக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்தில் அங்கே தங்கியிருந்த கிறிஸ்தவத் துறவிகளை வடநாட்டுக் கடலோடிகள் 'பாப்பர்' என்று அழைத்தார்கள். அதிலிருந்து வந்த பெயர். உள்ளூர்க்காரர்கள் செல்லமாக 'பாப்பே' என்கிறார்கள்.)

நடைவழியே இல்லாத விமானம்

ஓடுதளத்தில் அது நின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, 'இது விமானமா, வேனா?' என்பதுதான். சதுர மூக்கு. தலைக்கு மேலே ஒரே அகலத்தில் பலகைபோல நீண்ட இறக்கை. அதில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின்கள். சக்கரங்கள் உள்ளே மடங்காமல் கால் நீட்டியபடி அப்படியே நிற்கின்றன. இதன் பெயர் பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர். 'தீவுக்காரன்' என்று வைத்துக்கொள்ளலாம்.

விமானி ஒரு தாளைப் பார்த்து ஒவ்வொருவராக உட்கார வைத்தார். எடையைக் கேட்டதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. சின்ன விமானத்தில் கனமானவர்கள் எல்லாரும் பின்னால் உட்கார்ந்துவிட்டால் வால் தாழ்ந்துவிடும். மொத்தமாக ஏற்றினாலே மூன்று டன்தான், அதாவது 2,994 கிலோ. அதில் ஓர் ஆள் எங்கே உட்காருகிறார் என்பது பெரிய விஷயம். என்னை விமானிக்குப் பக்கத்து இருக்கைக்கு அனுப்பினார். சின்ன வயதில் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்துப் பெட்டிமேல் உட்காரக் கிடைக்கும்போது வருகிற அதே குஷி, அறுபத்திரண்டு வயதில்.

உள்ளே நடைவழி கிடையாது. இதுதான் என்னை முதலில் யோசிக்க வைத்தது. பெஞ்ச் மாதிரி இரண்டிரண்டு பேர் இருக்கை. விமானத்தின் இரு பக்கமும் கார் கதவுபோலக் கதவுகள். உங்கள் வரிசைக்கு எந்தக் கதவு பக்கமோ அதைத் திறந்து நேரே உட்கார வேண்டியதுதான். நடைவழி வைத்தால் உடல் அகலமாக வேண்டும். அகலமானால் கனமாகும், கனமானால் பெரிய இன்ஜின் வேண்டும், பெரிய இன்ஜின் அதிக பெட்ரோல் குடிக்கும். நடக்கவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் அத்தனையும் மிச்சம். பதினைந்து நிமிடப் பயணத்தில் எழுந்து எங்கே போகப்போகிறோம்?

இப்படி யோசித்தவர்கள் இரண்டு பேர். ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன். இருவரும் டி ஹாவிலண்ட் விமான நிறுவனத்தின் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இங்கிலாந்தின் தென்கோடியில் உள்ள வைட் தீவில், பெம்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் பட்டறை போட்டார்கள். தாங்களே முதலில் செய்த குட்டி விமானம் ஒன்றோடு நின்றுபோனது. பிறகு வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானத் தொழில், அதற்கான தெளிப்பான் தயாரிப்பு என்று காலூன்றினார்கள். நடுவில் காற்று மெத்தைமேல் மிதந்து போகிற ஹோவர்கிராஃப்ட் வண்டியும் செய்தார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூன் தோட்டங்களிலிருந்து வாழைத்தார்களைச் சேதமில்லாமல் கொண்டுவர அது உதவும் என்பது கணக்கு!

அதே கேமரூன்தான் ஐலாண்டருக்கும் விதை போட்டது. அங்கிருந்த சின்ன விமானக் கம்பெனி ஒன்றில் இவர்களுக்குப் பங்கு இருந்தது. புதர்க்காட்டு ஓடுபாதைகளில் ஓட்டுவதற்குத் தோதான விமானம் சந்தையில் இல்லை. ஒரு பக்கம் டி ஹாவிலண்டின் டிராகன் ராபிட் மாதிரி, 1930களின் மரமும் துணியுமான இரட்டை அடுக்கு இறக்கை விமானங்கள் கிழடுதட்டிக்கொண்டிருந்தன. இன்னொரு பக்கம், அமெரிக்காவிலிருந்து வந்த பளபளப்பான சிறு விமானங்கள், நாலைந்து பேர் போகிற முதலாளிமார் வண்டிகள். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு, மேடுபள்ளத்தில் இறங்கி, மறுபடி பத்தே நிமிடத்தில் கிளம்புகிற 'மினி பஸ்' எங்குமே இல்லை.

இந்த இடத்தில் என் டிப்போ ஞாபகம் வராமல் இருக்காது. ஒருமுறை எங்களுக்குப் புது மாடல் பஸ்கள் வந்தன. கம்பெனி பெயர் வேண்டாம். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால், உள்ளங்கை அளவு ஒரு பாகத்தை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அரை மணி நேர வேலை ஒன்றரை நாள் ஆகும். அதுவரை பஸ் ஓடாது, ஜனம் ஸ்டாப்பில் நிற்கும். வரைபடம் போட்டவர் ஒருநாளாவது ஸ்பேனர் பிடித்திருந்தால் அப்படிப் போட்டிருக்க மாட்டார் என்று நாங்கள் திட்டாத நாள் இல்லை. பிரிட்டனும் நார்மனும் ஸ்பேனர் பிடித்தவர்கள்.

இறக்கையைப் பாருங்கள். வேகமாகப் பறக்கும் விமானங்களுக்கு அடியில் அகலமாகவும் நுனியில் கூர்மையாகவும் இருக்கும். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். ஐலாண்டரின் இறக்கை முதலிலிருந்து கடைசிவரை ஒரே அகலம். ஓர் அச்சு வைத்து வரிசையாக அடித்துத் தள்ளலாம். செலவும் குறைவு, காட்டுக்குள்ளே பழுது பார்ப்பதும் சுலபம். அதோடு, இப்படிப்பட்ட தடித்த, நேரான இறக்கை மெதுவாகப் போகும்போதும் விமானத்தைத் தாங்கிப் பிடிக்கும். இறக்கையின் பின்விளிம்பை முழுவதும் தாழ்த்திவிட்டால் மணிக்கு 75 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் குறைந்தாலும் கீழே விழாது. நம் நெடுஞ்சாலையில் கார்கள் அதைவிட வேகமாகப் போகின்றன.

சக்கரம் மடங்காததற்கும் இதே கணக்குதான். மடக்குகிற ஏற்பாடு வைத்தால் காற்றுத் தடை குறையும், வேகம் கூடும். ஆனால், பத்து நிமிடப் பயணத்தில் அந்த வேகம் மிச்சப்படுத்துவது அரை நிமிடமோ என்னவோ. அதற்காகப் பம்பு, குழாய், பூட்டு என்று இத்தனை கனத்தைச் சுமக்க வேண்டுமா? ஒருநாளைக்கு இருபது முறை ஏறி இறங்குகிற விமானத்தில், அது இருபது முறை மடங்கி விரிய வேண்டும். ஒருமுறை விரிய மறுத்தால் போதும். 'வேண்டாம், கம்பாகவே இருக்கட்டும்' என்று விட்டுவிட்டார்கள். இன்ஜின் கூட்டுக்குப் பின்னாலிருந்து இறங்குகிற கால் ஒவ்வொன்றிலும் ஜோடிச் சக்கரம். பஸ்ஸின் பின்சக்கரம்போல இரட்டை டயர்! அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்ற என்னை மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

நாலே நாளில் பாரிஸ்

முதல் ஐலாண்டர் 1965 ஜூன் 13 அன்று பெம்பிரிட்ஜில் பறந்தது. நாலே நாளில் அதை பாரிஸ் விமானக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அந்தத் துணிச்சலை இன்று எந்தக் கம்பெனியும் காட்டாது.

ஆனால், முதல் விமானத்தில் ஒரு குறை இருந்தது. 210 குதிரைத்திறன் கொண்ட இரண்டு கான்டினென்டல் இன்ஜின்கள் போதவில்லை. ஓர் இன்ஜின் நின்றுவிட்டால் மற்றது மட்டும் முழுச் சுமையோடு விமானத்தை மேலே இழுக்க வேண்டும். இரண்டு இன்ஜின் வைப்பதே அதற்காகத்தான். அந்தத் தெம்பு இல்லையென்றால் இரண்டாவது இன்ஜின் வெறும் சுமை. அதனால், அதே ஆண்டின் கடைசியில் 260 குதிரைத்திறன் லைகமிங் இன்ஜின்களை மாட்டினார்கள். இறக்கையையும் 45 அடியிலிருந்து 49 அடியாக நீட்டினார்கள். இன்றுவரை ஐலாண்டரின் அடையாளம் அந்த இன்ஜின்தான். ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, காற்றே குளிர்விக்கும். பழைய கார்போல கார்புரேட்டர். கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்பது லிட்டர்.

அந்த முதல் விமானம் 1966 நவம்பரில் நெதர்லாந்தில் விழுந்து நொறுங்கியது. அதற்குள் இரண்டாவது விமானம் பறக்கத் தொடங்கியிருந்ததால் வேலை நிற்கவில்லை. 1967 ஏப்ரலில் விற்பனைக்கான முதல் விமானம் பறந்தது. ஆகஸ்ட்டில் சான்றிதழ் கிடைத்தது. கிடைத்த கையோடு வாங்கிய முதல் வாடிக்கையாளர்களில் ஒன்று, ஸ்காட்லாந்தின் லோகன்ஏர். சாலை, பாலம் கட்டுகிற ஒரு காண்டிராக்டர், டே நதிமேல் பாலம் கட்டுகிற இடத்துக்குப் போய்வர 1962ல் வாங்கிய ஒற்றைச் சிறு விமானத்தில் தொடங்கிய கம்பெனி அது.

ஆர்க்னிக்காரர்களுக்கு விமானம் புதிதல்ல. 1933லேயே கேப்டன் டெட் பிரெஸ்ஸன், மோனோஸ்பார் என்ற இரட்டை இன்ஜின் குட்டி விமானத்தில் இன்வர்னெஸ்ஸிலிருந்து கிர்க்வாலுக்குச் சேவை தொடங்கியவர். மறு ஆண்டே தபாலும் சுமந்தார். அதன்பின் போர் வந்தது. தீவுக்குத் தீவு பறந்த சேவை நின்றுபோனது. 1967ல் ஐலாண்டர் வந்தபிறகுதான் அந்த வானம் மறுபடி திறந்தது.

"ரெடியா?" என்று விமானி திரும்பிக் கேட்டார். மைக் இல்லை, பணிப்பெண் இல்லை. இருக்கையிலிருந்தே பின்னால் திரும்பி, மிதவை உடை எங்கே இருக்கிறது, எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று சொன்னார். என்னைப் பார்த்து, "எதிரே இருக்கிற எதையும் தொடாதீர்கள், மற்றபடி ரசியுங்கள்" என்றார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

ஓர் இன்ஜின் இருமிக்கொண்டே உயிர் பெற்றது. அடுத்தது. சத்தம் என்றால் சத்தம், பழைய டீசல் பஸ்ஸின் பானெட்மேல் உட்கார்ந்த மாதிரி. உடம்பெல்லாம் அதிர்கிறது. ஓடத் தொடங்கி நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் சக்கரம் தரையை விட்டுவிட்டது. முந்நூறு மீட்டர்கூட ஓடியிருக்காது. கீழே கிர்க்வாலின் சிவப்புக் கல் தேவாலயம், 1137ல் கட்டத் தொடங்கிய செயின்ட் மாக்னஸ். அதைத் தாண்டியதும் கடல். பச்சைத் தட்டுகள்போல தீவுகள். மரமே இல்லாத பச்சை. எங்கு பார்த்தாலும் மாடுகள்.

பதினைந்து நிமிடத்தில் வெஸ்ட்ரே. ஷெட் அளவுக்கு ஒரு கட்டடம். அங்கே பெட்டியை இறக்குபவரே தீயணைப்பு வீரரும். இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவர் ஏறினார். இன்ஜினின் சூடு ஆறுவதற்குள் மறுபடி கதவைச் சாத்தியாயிற்று.

அடுத்து, நாங்கள் வந்த வேலை.

நான் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டேன். சக்கரம் எழும்பியது. கடல் ஒரு பட்டையாகத் தெரிந்தது. எதிரே பாப்பா வெஸ்ட்ரேயின் ஓடுபாதை ஏற்கெனவே தெரிகிறது. விமானி உயரவே இல்லை. ஏறியவர் இறங்கத் தொடங்கிவிட்டார். பின்னால் மகள் வீடியோ எடுக்க போனை எடுத்து, கேமராவைத் திறப்பதற்குள், டக் என்று சரளைமேல் சக்கரம். ஒரு நிமிடம் இருபத்தாறு விநாடி. "அப்பா, நான் எடுக்கவே இல்லை!" என்று பின்னாலிருந்து கத்தல். விமானத்தில் எல்லாரும் சிரித்தார்கள், விமானி உட்பட. தினமும் யாரோ ஒருவருக்கு இப்படி ஆகும் போல.

எடின்பரோ விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை ஏறத்தாழ இந்தப் பயணத்தின் நீளம்தான். அதாவது, நாங்கள் ஒரு ஓடுபாதை தூரம் பறந்திருக்கிறோம். பயணம் செய்ததற்குச் சான்றிதழ் தருகிறார்கள். என் பணி ஓய்வுச் சான்றிதழுக்குப் பக்கத்தில் அதை மாட்டப்போகிறேன்.

இறங்கியபின்

வேடிக்கைக்கு வருகிறவர்கள் பலர் அதே விமானத்தில் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் ஓர் இரவு தங்கினோம். அதனால்தான் இந்த விமானம் வேடிக்கைப் பொருள் இல்லை என்பது தெரிந்தது.

தீவின் மக்கள்தொகை தொண்ணூறுக்குப் பக்கம். ஒரு கடை, அதையும் ஊர்க்காரர்களே கூட்டுறவாக நடத்துகிறார்கள். ஒரு சின்னப் பள்ளி. உயர்நிலைப் படிப்புக்குப் பிள்ளைகள் கிர்க்வாலுக்குப் போய் விடுதியில் தங்குகிறார்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவது இந்த விமானத்தில்தான். நாங்கள் வந்த விமானத்தில் எனக்குப் பின்னால் காதில் ஹெட்போனோடு தூங்கிக்கொண்டே வந்த பையன் அப்படி ஒருவன். உலகத்தின் மிகக் குறுகிய விமானப் பயணம் அவனுக்கு ஸ்கூல் பஸ். பல் வைத்தியர், வங்கிக்காரர், பாட்டு வாத்தியார், கால்நடை மருத்துவர் எல்லாரும் வந்து போவது இதில்தான். படகும் இருக்கிறது. வெஸ்ட்ரேவுக்குச் சின்னப் படகில் அரை மணி நேரத்துக்குள் போகலாம், கடல் அனுமதித்தால்.

கடற்கரையோரமாக நடந்தால் நாப் ஆஃப் ஹோவர் வருகிறது. இரண்டு கல் வீடுகள், நடுவில் குனிந்து போகிற ஒரு வழி. கி.மு. 3700 வாக்கில் ஆட்கள் குடியிருந்த பண்ணை வீடு. வடமேற்கு ஐரோப்பாவில் இன்னும் நிற்கிற கல் வீடுகளில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். உள்ளே கல்லாலான அலமாரிகூட இருக்கிறது. டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. அந்த வாசல்படியில் உட்கார்ந்து, காலையில் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைத் தின்றோம். தலைக்கு மேலே அன்றைய கடைசி ஐலாண்டர் உறுமிக்கொண்டு போனது.

தீவின் வடக்கே பறவைகள் சரணாலயம். கரையோரப் பாறைமேல் ஒரு நினைவுச் சின்னம். கிரேட் ஆக் என்ற பறக்கத் தெரியாத பெரிய கடற்பறவைக்கு. 1813ல் இந்தத் தீவில் கடைசியாக இருந்த ஒன்றைச் சுட்டுக் கொன்றார்கள். சில பத்தாண்டுகளில் உலகத்திலேயே அந்தப் பறவை இல்லாமல் போனது.

இரவு விடுதியில் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு பேச்சு. 2006 வரை இந்தத் தீவுகளுக்கு ஆம்புலன்ஸும் ஐலாண்டர்தான். ஓர் இருக்கையை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் வைப்பார்கள். நடு இரவில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் ஊர்க்காரர்கள் ஓடுபாதைக்குப் போய் வெளிச்சம் காட்டிக்கொண்டு காத்திருப்பார்களாம். "சத்தம் முதலில் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் பாதி வலி போய்விடும்" என்றார். இப்போது ஹெலிகாப்டர் வருகிறது. அதுவும் நல்ல சத்தம்தான், ஆனால் அந்தச் சத்தம் இல்லை என்றார்.

அந்த விமானத்தைச் செய்தவர்களுக்கு என்ன ஆனது என்று அவருக்குச் சொன்னேன். இது நான் வழிநெடுக படித்துக்கொண்டு வந்தது. விமானம் ஜெயித்தது, கம்பெனி தோற்றது. ஆர்டர்கள் குவிந்தன, பெம்பிரிட்ஜில் இடம் போதவில்லை. 1969ல் ருமேனியாவில் புகாரெஸ்ட் தொழிற்சாலையிலும் செய்யத் தொடங்கினார்கள். வாலில் மூன்றாவது இன்ஜின் வைத்த டிரைலாண்டர் என்ற நீள அண்ணனை 1970ல் பறக்கவிட்டார்கள். மறு ஆண்டே கையில் பணமில்லாமல் கம்பெனி கடன்காரர்கள் வசம் போனது. 1972ல் ஃபேரி கம்பெனி வாங்கியது. 1977ல் அதுவும் மூழ்கியது. அதே ஆண்டில் ஜான் பிரிட்டன் இறந்தார், வயது ஐம்பதுகூட ஆகவில்லை. 1979ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் வாங்கியது. அதன்பிறகும் கை மாறியது. இத்தனை முதலாளிகள் வந்து போயும், 1,200க்கு மேல் செய்து விற்றாகிவிட்டது. பாக்லாந்து தீவுகளில் அதுதான் ஊர் பஸ். நம் இந்தியக் கடற்படையும் 1970களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள் ஐலாண்டர்களைக் கரையோரக் கண்காணிப்புக்கு வைத்திருந்தது. ஜேம்ஸ் பாண்ட் 'ஸ்பெக்டர்' படத்தில் இறக்கை உடைந்து பனியில் சறுக்கிக்கொண்டு போகிறதே, அதுவும் இதேதான்!

பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்று சொன்னார். "எல்லாம் சரி. இது தேய்ந்துபோனால் அடுத்து என்ன வரும்?"

அதுதான் அங்கே எல்லாருடைய கவலையும். எட்டு, ஒன்பது பேர் போகிற, ஐந்நூறு மீட்டர் சரளையில் இறங்குகிற, பிஸ்டன் இன்ஜின் விமானத்தை இன்று புதிதாகச் செய்ய யாரும் ஆசைப்படுவதில்லை. லாபம் பெரிய விமானத்தில் இருக்கிறது. அது குடிக்கும் ஈயம் கலந்த விமான பெட்ரோலுக்கும் எதிர்ப்பு கூடிக்கொண்டே வருகிறது. ஐலாண்டரையே ஹைட்ரஜனில் ஓட்டிப் பார்க்கிற திட்டம் ஒன்று இங்கிலாந்தில் தொடங்கியது. அதற்கு அந்தப் பழைய கேப்டன் பிரெஸ்ஸனின் பெயரை வைத்தார்கள். எனக்கென்னவோ, என்ன எரிபொருள் ஊற்றினாலும் மேலே அந்தப் பலகை இறக்கையும் கீழே அந்தக் கம்புக் காலும் இருக்கும் என்றுதான் படுகிறது. ஏனென்றால், மாற்ற வேண்டியதை மாற்றியாயிற்று. மிச்சமிருப்பது தேவையானது மட்டும்தான்.

மறுநாள் காலை மூடுபனி. கடல் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஷெட்டுக்குள் ஆறு பேர் காத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் ஒரு பாட்டி. கையில் ஆஸ்பத்திரிக் கடிதம். கண் அறுவை சிகிச்சைக்குப் பல மாதம் காத்திருந்து கிடைத்த தேதி, அன்று மதியம், கிர்க்வாலில். இதை விட்டால் மறுபடி வரிசை. படகைப் பிடித்து, பஸ் பிடித்து, பெரிய கப்பல் பிடித்துப் போனால் சாயங்காலம் ஆகிவிடும்.

யாரும் எதுவும் பேசவில்லை. ஷெட்காரர் ரேடியோவை ஒட்டியபடி நின்றார். மகள் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிப் பாட்டிக்குக் கொடுத்தாள். பாட்டி, "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்றார். மகள் சொன்னாள். "இந்தச் சின்ன விமானத்துக்காகவா அத்தனை தூரம்?" என்று ஆச்சரியப்பட்டார். என் மகள் என்னைக் கைகாட்டினாள்.

பத்தே முக்கால் இருக்கும். எனக்குத்தான் முதலில் கேட்டது என்று நினைக்கிறேன். நாற்பது வருடம் இன்ஜின் கேட்ட காது. இரண்டு இன்ஜின்கள், ஒன்றோடொன்று கொஞ்சம் முன்னே பின்னே ஒலிக்கிற அந்த ரீங்காரம். பாட்டி டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கோட்டின் பொத்தான்களைப் போடத் தொடங்கினார். பனியில் ஒரு சன்னல்போலத் திறந்த இடத்திலிருந்து, சதுர மூக்கும் நீட்டிய கால்களுமாக அது வந்து இறங்கியது.

விமானி தாளைப் பார்த்தார். பாட்டியை முன்னால் உட்கார வைத்தார். எனக்குக் கடைசி வரிசை.

"பரவால்ல விடுங்கப்பா" என்றாள் மகள். இந்த முறை போன் தயாராக அவள் கையில் இருந்தது. ஆனால், விமானம் வெஸ்ட்ரே பக்கமே திரும்பவில்லை. நேரே கிர்க்வாலுக்குப் பறந்தது.